சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தூரத்தையும் நேரத்தையும் சரியாகக் கணக்கிடுவது எப்படி?

சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் வரை நேர்வழித் தூரம் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். நேரடி விமானம் என்றால் பயண நேரம் பொதுவாக நாலேகால் மணியிலிருந்து நாலரை மணி வரை. சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்.

தூரமும் நேரமும் தெரிய இந்த மூன்று எண்கள் போதும். ஆனால் முதல்முறை பறப்பவருக்கு வரும் குழப்பமெல்லாம் இந்த எண்களுக்கு வெளியேதான் இருக்கிறது. எந்தத் தேதி இரவு வீட்டைவிட்டுக் கிளம்புவது, அங்கே அழைத்துப்போக வருபவரிடம் எத்தனை மணி என்று சொல்வது, திருச்சியில் ஏறுவதா சென்னைக்கு வருவதா, நடுவில் இறங்கி மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா? இவற்றுக்கு விடை வேண்டுமானால் வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை ஒரே கடிகாரத்தில் கணக்குப் போடவேண்டும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

கம்ப்யூட்டரில் கூகுள் மேப்பைத் திறந்து, மீனம்பாக்கத்தின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் தூரத்தை அளக்கும் வசதி வரும். அதைத் தேர்ந்தெடுத்து அடுத்த புள்ளியைச் சாங்கியில் வைத்தால் தூரம் தெரிந்துவிடும். இது பூமி உருண்டையின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். விமானிகள் இதையே கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக நம் பாதை சுமார் 1,580 கடல் மைல்.

டெல்லியிலிருந்து நியூயார்க் போகும் விமானம் வடதுருவப் பக்கமாக வளைந்து போவதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். சென்னை–சிங்கப்பூர் பாதையில் அந்த வளைவு அநேகமாகத் தெரியாது. இரண்டு ஊர்களும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால், வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலே ஏறத்தாழ அதுதான் வழி. சென்னையைவிட்டு ஏறியதும் தென்கிழக்காக வங்காள விரிகுடாவுக்குள் போகும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கீழே கடலைத் தவிர எதுவும் இருக்காது. அப்புறம் நிக்கோபார் தீவுகளின் தென்கோடிக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் அருகே கடந்து, மலாக்கா நீரிணையை ஒட்டித் தெற்கே இறங்கும். பகல் விமானம் கிடைத்தால் ஜன்னலோர சீட் கேட்டு வாங்குங்கள். மலாக்கா நீரிணையில் கப்பல்கள் வரிசையாகப் போவதை மேலிருந்து பார்ப்பது அத்தனை அழகு. ஒரு காலத்தில் ‘ரஜூலா’, பின்னர் ‘சிதம்பரம்’ என்ற கப்பல்களில் நம் ஊர்க்காரர்கள் நாள்கணக்கில் போன கடல்வழியும் இந்தப் பக்கம்தான்.

2. கிலோமீட்டரை மணி நேரமாக மாற்றுதல்

இந்தத் தடத்தில் அதிகம் ஓடும் ஏர்பஸ் 320 வகை விமானங்கள் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்தபின் மணிக்கு 830 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,920-ஐ 840-ஆல் வகுத்தால் சுமார் மூன்றரை மணி நேரம் வருகிறது. டிக்கெட்டில் இருப்பதோ நாலேகாலுக்கு மேல். மீதி நேரம் எங்கே போகிறது?

விமானம் மேலேறும் முதல் இருபது இருபத்தைந்து நிமிடமும், கடைசியில் இறங்கும் அரை மணி நேரமும் அந்த முழு வேகம் இருக்காது. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தப் பக்கம் ஏறிவிட்டுத்தான் தன் வழிக்குத் திரும்பும். சாங்கி மிகவும் நெரிசலான நிலையம் என்பதால், இறங்க முறை வரும்வரை சில சமயம் வட்டமடிக்கவும் நேரும். இதையெல்லாம் சேர்த்தால் காற்றில் இருக்கும் நேரம் மூன்றேமுக்கால் மணியை ஒட்டி வரும். டிக்கெட்டில் போட்டிருப்பது விமானம் இங்கே நிற்குமிடத்தைவிட்டு நகரத் தொடங்குவதிலிருந்து அங்கே போய் நிற்குமிடத்தில் நிற்பது வரையுள்ள நேரம். தரையில் உருண்டு போகும் நேரமும் அதில் அடக்கம். போதாததற்கு, தாமதம் என்ற பெயர் வராமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடும். அதனால்தான் பல விமானங்கள் குறித்த நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேர்கின்றன.

மனக்கணக்குக்கு ஒரு வழி: தூரத்தை 800-ஆல் வகுத்து, அதோடு முக்கால் மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூருக்கு 3 மணி 39 நிமிடமும் 45 நிமிடமும் சேர்ந்து 4 மணி 24 நிமிடம். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்குத் தூரம் சுமார் 2,630 கிலோமீட்டர், கணக்குப்படி நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல், நடப்பிலும் அப்படித்தான். ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ போகும் நீண்ட பயணங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே காற்று வேறு ஆட்டம் ஆடும்.

3. காற்றும் மழையும்

கிழக்கே போகும்போது நேரம் குறையும், மேற்கே வரும்போது கூடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று வீசும் வடக்குப் பகுதிகளுக்கு அது சரி. நம் பாதைக்கு அதை அப்படியே பொருத்தக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தென்னிந்தியாவுக்கும் வங்கக்கடலுக்கும் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்று வீசுகிறது. இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958-இல் விளக்கி எழுதிய கீழை ஜெட் காற்று இது. அதன் உச்ச வலு விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலேதான். ஆனாலும் விமானப் பாதையிலேயே அதன் தாக்கம் தெரியும். ஆகவே அந்த மாதங்களில் சிங்கப்பூருக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பி வரும்போது பின்காற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தாலே கால் மணி நேரம் கூடிவிடும். சில நிமிட வித்தியாசம்தானே என்றால், ஆமாம், பெரும்பாலும் சில நிமிடம்தான்.

மழையும் புயலும் அப்படியல்ல, நாள்கணக்கில் முடக்கிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமானங்கள் நின்றுபோயின. நவம்பர், டிசம்பரில் வேலையில் சேரவோ கல்லூரியில் சேரவோ போகிறவர்கள், சேரவேண்டிய நாளுக்கு ஒரு நாளாவது முன்னதாகப் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுங்கள். சிங்கப்பூர்ப் பக்கம் ‘சுமத்ரா ஸ்குவால்’ என்ற திடீர் இடிமழை உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரையான காலத்தில், விடியற்காலையிலும் காலையிலும் அடிக்கும். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் விமானங்கள் போய் இறங்குவதும் அந்த நேரம்தான் என்பதால், கடைசி அரை மணி நேரம் சற்றுக் குலுங்கினால் பயப்படவேண்டாம். சீட் பெல்ட்டை மட்டும் கழற்றாதீர்கள்.

உங்கள் விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று தெரியவேண்டுமா? ஃப்ளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்று காட்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. தினமும் தாமதமாகக் கிளம்பும் விமானம் எது என்பதும் தெரிந்துவிடும்.

4. டிக்கெட்டில் உள்ள மணியைப் படிப்பது

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. உதாரணத்துக்கு, சென்னையில் 23:30, சிங்கப்பூரில் 06:20 என்று போட்டிருந்தால், கழித்துப் பார்க்கும்போது 6 மணி 50 நிமிடம் வரும். ஏழு மணி நேரமா என்று பதறவேண்டாம். அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம், அதுதான் பயணம். திரும்பும்போது இதற்கு நேர்மாறு. சிங்கப்பூரில் 20:00, சென்னையில் 21:50 என்றிருந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுவதுபோலத் தோன்றும். இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் அதே 4 மணி 20 நிமிடம். போகும்போது கழி, வரும்போது கூட்டு.

இந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் எப்போதும் இருந்ததில்லை. 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூரும் மலேசியாவும் தங்கள் நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தின, அதற்கு முன் வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம். சூரியனை வைத்துப் பார்த்தால் சிங்கப்பூர்க் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. அதனால் அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில்தான். காலை ஆறேகாலுக்கு இறங்கும்போது வெளியே கும்மிருட்டாக இருந்தால், நேரம் தப்பிவிட்டதோ என்று நினைக்கவேண்டாம்.

அழைத்துப்போக வருபவரிடம் எப்போதும் சிங்கப்பூர் நேரத்தையே சொல்லுங்கள், அதோடு விமான எண்ணையும் கொடுத்துவிடுங்கள். அங்கே ஆறு இருபது என்றால் ஊரில் அதிகாலை மூன்று ஐம்பது. “இறங்கியதும் போன் பண்ணு” என்று அம்மா சொல்லியிருந்தால், அவர் முழித்துக்கொண்டிருக்கப்போகிறாரா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். போனை ஃப்ளைட் மோடில் வைத்திருக்கும்வரை அதில் இந்திய நேரமே காட்டும். அங்குள்ள நெட்வொர்க்கோ வைஃபையோ கிடைத்தபின்தான் தானாக மாறும். நடுவில் இன்னொரு விமானம் பிடிக்கவேண்டியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

5. நள்ளிரவுத் தேதி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் “ஜூன் 15, 00:40” என்று இருந்தால், 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு நாம் படுக்கும் நேரத்துக்குப் பின் வரும் 12:40 அது. 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்கவேண்டும். 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். படித்தவர், படிக்காதவர் என்றில்லாமல் எல்லோரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். டிக்கெட்டில் ரயில்வே டைம் போலத்தான் 24 மணி நேரக் கணக்கு இருக்கும். 00:00-க்கும் 03:00-க்கும் இடையில் எந்த நேரத்தைப் பார்த்தாலும், “முந்தின நாள் இரவு கிளம்பணும்” என்று காலண்டரில் பேனாவால் எழுதி வையுங்கள்.

இதே சிக்கல் மறுபக்கமும் உண்டு. 14-ஆம் தேதி இரவு 23:30-க்குக் கிளம்பினால் சேர்வது 15 காலை. ஓட்டல் அறையை 15-ஆம் தேதியிலிருந்துதான் போடவேண்டும். அறை பெரும்பாலும் மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும், அதுவரை பெட்டியை மட்டும் அங்கே வைத்துவிட்டு வெளியே போகலாம். சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் எஸ்.ஜி. அரைவல் கார்டில் போடவேண்டியதும் சேரும் தேதிதான். சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் அதை ஆன்லைனில் நிரப்பவேண்டும். 15-இல் இறங்குபவர் 13-இலிருந்து நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளத்தைக் கண்டால் மூடிவிட்டு, ஆணையத்தின் சொந்தத் தளத்துக்குப் போங்கள். இது விசா இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தனியாக, முன்பே வாங்கியிருக்கவேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகவேண்டும்.

6. எந்த ஊரில் ஏறுவது?

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தூரம் சுமார் 2,980 கிலோமீட்டர். வரைபடத்தில் திருச்சி தெற்கே இருந்தாலும், மேற்கே தள்ளி இருப்பதால் சென்னையைவிட 60 கிலோமீட்டர் அதிகம். விமானத்தில் அது ஐந்து நிமிடக் கணக்கு. தஞ்சாவூரில் இருக்கும் ஒருவருக்குத் திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள், சென்னை விமான நிலையமோ ஆறு ஏழு மணி நேரம். டெல்டா மாவட்டங்கள், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் உள்ளவர்கள் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்க நேர்ந்தாலும் திருச்சியில் ஏறுவதே என் சிபாரிசு. காரும் சாப்பாடும் தூக்கமும் அதைவிட அதிகம் தின்றுவிடும். திருச்சியில் 2024 ஜூனிலிருந்து புதிய முனையமும் செயல்படுகிறது. கொங்கு மண்டலத்துக்காரர்கள் முதலில் கோயம்புத்தூர் நேரடி விமானத்தைப் பார்க்கவும்.

7. நேரடியா, மாறிப் போவதா?

கொழும்பு வழியாகவும் கோலாலம்பூர் வழியாகவும் மலிவு டிக்கெட்டுகள் வரும். நாலேகால் மணி நேரப் பயணம் எட்டு, பன்னிரண்டு மணி நேரமாக நீளும். ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. நடுவில் உள்ள நாட்டுக்குள் இமிகிரேஷன் முடித்து நுழைந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்யவேண்டி வரும். அந்த நாட்டு நுழைவு விதிகளும் உங்களுக்குப் பொருந்தவேண்டும். முதல்முறை போகிறவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் நேரடி விமானத்திலேயே போங்கள்.

8. வாசலிலிருந்து வாசல் வரை

விழுப்புரத்திலிருந்து கிளம்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விமானம் இரவு 23:30. சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருக்கச் சொல்வார்கள், எனவே 20:30-க்கு மீனம்பாக்கம். பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கத்திலேயே இறங்கிவிடலாம். ஜி.எஸ்.டி. சாலையில் விமான நிலையம் அதற்கு வடக்கே இருக்கிறது. ரயிலில் வந்தால் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்தில் இறங்கி, லோக்கல் ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரிலேயே விமான நிலையம். நகருக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மெட்ரோ உண்டு. இப்படி வருபவர் நெரிசலுக்கும் இடம் விட்டு மதியம் 15:30-க்குக் கிளம்புகிறார் என்று வைப்போம்.

செக்-இன் கவுன்ட்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். ஒரு நிமிடம் பிந்தினாலும் கெஞ்சிப் பயனில்லை. உங்கள் நிறுவனம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்று டிக்கெட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, கேட் வரை நடை. நள்ளிரவு நேரத்தில் பல நாட்டு விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்புவதால் வரிசை நீளமாக இருக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். பெட்டிக்குள் வைத்தால் திறந்து எடுக்கச் சொல்வார்கள், அதில் நேரம் போகும்.

சாங்கியில் 06:20-க்கு இறங்கி, இமிகிரேஷன் முடித்துப் பெட்டியோடு வெளியே வர சாதாரணமாக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முனையம் 1, 2, 3 ஆகியவை ஸ்கைட்ரெய்னால் இணைக்கப்பட்டவை, 4-க்கு மட்டும் பேருந்து. லிட்டில் இந்தியா போகவேண்டியவர்கள் எம்.ஆர்.டி. ரயிலில் ஒரு நிறுத்தம் தள்ளி எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியாவிலேயே இறங்கலாம். காலை 08:15-க்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்.

இப்போது எல்லாவற்றையும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள். 08:15 என்பது நம் 05:45. மதியம் 15:30-க்குக் கிளம்பியவருக்கு மொத்தம் 14 மணி 15 நிமிடம். இதில் விமானப் பயணம் 4 மணி 20 நிமிடம், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டிக்கெட் தேடும்போது இருபது நிமிடம் குறைவான விமானத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க யோசிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவும். மிச்சம் பிடிக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறது.

9. தாமதமானால்

இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்காற்று அமைப்பான டி.ஜி.சி.ஏ.-வின் விதிப்படி, தாமதத்தின்போது சாப்பாடு தருவது பயண நேரத்தைப் பொறுத்தது. இரண்டரை மணியிலிருந்து ஐந்து மணி நேரம் வரையுள்ள பயணங்களுக்கு, மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்றால் சாப்பாடும் சிற்றுண்டியும் இலவசமாகத் தரவேண்டும். சென்னை–சிங்கப்பூர் அந்த வகையில் வருகிறது. நேரத்தோடு வந்து செக்-இன் செய்தவர்களுக்கே இது பொருந்தும். கவுன்ட்டரில் நிதானமாகக் கேளுங்கள், உரிமையோடு கேட்கலாம்.

10. திரும்பி வரும்போது

சாங்கிக்கும் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். மாலை விமானம் என்றால் நகர நெரிசலில் டாக்ஸியைவிட எம்.ஆர்.டி. நம்பகமானது. சென்னையில் 21:50-க்கு இறங்கினால் இமிகிரேஷனும் பெட்டியும் முடிந்து வெளியே வர 22:45 ஆகிவிடலாம். மெட்ரோ இரவு பதினொரு மணி வாக்கில் நின்றுவிடும் என்பதால் அதை நம்பி இருக்கவேண்டாம். வெளியே வரும் முன்பே ப்ரீபெய்ட் டாக்ஸி சீட்டு வாங்கிவிடுவது நல்லது. தென்மாவட்டங்களுக்குப் போகிறவர்கள் நேரே கிளாம்பாக்கம் போய் இரவுப் பேருந்து பிடிக்கலாம். முன்பதிவு செய்வதாக இருந்தால் நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் பேருந்தில் இடம் போடுங்கள், தேதியை இங்கேயும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு.